நேற்று ராத்திரி எங்கே தூங்கினாய்?

பிலிப்பைன்ஸ் நடிகர் பெர்னாண்டோ போ ஜூனியரின் படத்தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால், ஒரு மனிதர் எப்போதும் யாரையோ பார்த்து விரலை நீட்டிக்கொண்டே இருப்பது தெரியும். 1983இல் 'இசாங் பாலா கா லாங்!' உனக்கு ஒரு தோட்டா போதும் என்று அர்த்தம். 1987இல் 'கபாக் புனோ நா ஆங் சாலோப்'. படி நிரம்பிவிட்டால் என்பதோடு தலைப்பு நின்றுவிடுகிறது. நிரம்பிய படியைத் தலைதட்டத்தானே வேண்டும் என்ற மீதியைப் பிலிப்பைன்ஸ் ரசிகன் தானே முடித்துக்கொள்வான். 1990இல் 'ஹிந்தி கா நா சிசிகாதன் நங் அராவ்'. உனக்கு இனிமேல் சூரியன் உதிக்காது. தமிழில் பெயர்த்தால் சற்றே சிரிப்பு வருகிறது. மணிலாவின் திரையரங்குகளில் இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இவற்றில் திரும்பத் திரும்ப வரும் 'கா' என்ற ஓரெழுத்துக்கு 'நீ' என்று பொருள். அந்த நீ எப்போதும் வில்லன்தான். நிலத்தைப் பிடுங்கியவன், நீதியை விற்றவன், ஏழையை மிதித்தவன்.

1992இல் வந்த ஒரு தலைப்பிலும் அதே 'கா' இருக்கிறது. 'மஹால், சாஆன் கா நதுலோக் ககாபி?' அன்பே, நேற்று ராத்திரி எங்கே தூங்கினாய்? இப்போது விரல் நாயகனை நோக்கித் திரும்பியிருக்கிறது. நீட்டுகிறவர் சூசன் ரோசஸ். படத்திலும் நிஜத்திலும் அவர் மனைவி.

அந்தப் படத்துக்கும், அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு 1982இல் இதே தம்பதி நடித்து வந்த 'மானெட்யெர்... சி குமாண்டெர்' என்ற அடிதடி நகைச்சுவைப் படத்துக்கும் நான் இங்கே கதைச்சுருக்கம் எழுதப்போவதில்லை. இந்த வகைப் படங்களில் கதை சட்டை மாட்டும் ஆணி மாதிரி. இந்த இரண்டு தலைப்புகளும், அவற்றைத் தாங்கிய தம்பதியும், அவர்கள் வாழ்ந்த நாடும்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கின்றன.

முதலில் தம்பதி. ரொனால்ட் ஆலன் கெல்லி போ 1939இல் பிறந்தார். அப்பா பெர்னாண்டோ போ பெரிய நடிகர், 1951இல் இறந்துபோனார். பையன் படிப்பை விட்டுவிட்டு ஒரு படக்கம்பெனியில் ஏவலாளாகச் சேர்ந்தான். பிறகு அப்பாவின் பெயரைப் போட்டுக்கொண்டு நடிக்க வந்தான். 1956இல் 'லோ வெயிஸ்ட் கேங்' படம் ஓடியது. இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டிய கால்சட்டைப் பையன்களின் கூட்டம். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க யாராலும் முடியவில்லை. அடிபடுவார், பொறுப்பார், இன்னும் அடிபடுவார், பொறுமை தீர்ந்ததும் இரண்டு கைகளாலும் சரமாரியாகக் குத்துவார். அந்தக் குத்துகளை எண்ண முடியாது. ஒவ்வொரு குத்துக்கும் எதிரே பாகித்தோ டியாஸோ மாக்ஸ் அல்வராடோவோ துள்ளி விழுவார்கள். பக்கத்தில் தோழனாக டென்சியோ பதில்யா முழித்துக்கொண்டு நிற்பார். மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'டா கிங்'. ஆங்கிலத்தின் 'தி'யைத் தெரு உச்சரிப்புக்கு இறக்கிய 'டா' அது. ராஜாதான், ஆனால் தெருக்கோடி ராஜா. படம் இயக்கும்போது ரொன்வால்டோ ரெயெஸ் என்று போட்டுக்கொள்வார். ரெயெஸ் என்றால் ஸ்பானிய மொழியில் ராஜாக்கள். (இந்த இடத்தில் தமிழ் வாசகர் மனதில் ஒரு பெயர் எழும். அதை நான் சொல்லாமல் தாண்டிப் போகிறேன். ஒப்பிட ஆரம்பித்தால் கட்டுரை திசைமாறிவிடும்.)

சூசன் ரோசஸ், பிறந்தபோது ஹெசுசா சொனோரா. 1941, பகோலோட் நகரம், நெக்ரோஸ் தீவு. கரும்புத் தோட்டங்களின் ஊர். அந்தப் பக்கத்து ஹிலிகாய்னோன் பேச்சைப் பற்றி மற்ற பிலிப்பினோக்கள் சொல்லும் கேலி ஒன்று உண்டு: அவர்கள் சண்டை போட்டாலும் கொஞ்சுவது மாதிரியே கேட்குமாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். பாட்டும் காதலும் விற்ற சம்பகீதா பிக்சர்ஸ் நிறுவனம் அவரை வளர்த்தது. 1956இல் அவர் முதன்முதலாக நாயகியாக நடித்த படத்தின் பெயர் 'பொக்சிஙேரா'. குத்துச்சண்டைக்காரி! பிற்காலத்தில் நாட்டின் ஆகப்பெரிய குத்துக்காரரைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுதத் துணிந்திருக்க மாட்டார்.

1965இல் 'ஆங் டைக்டிக் கோய் இகாவ்', அதாவது 'என் உலகம் நீ', இருவரையும் சேர்த்தது. 1968 டிசம்பரில் கல்யாணம். தேவாலயத் திருமணத்துக்குச் சாட்சிப் பெற்றோராக நின்றவர்களில் அதிபர் பெர்டினாண்ட் மார்கோஸும் அவர் மனைவி இமெல்டாவும் இருந்தார்கள்.

பிலிப்பைன்ஸ் சினிமாவின் அச்சாணி 'லவ் டீம்' என்ற ஏற்பாடு. ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஜோடியாகக் கட்டி, படத்துக்குப் படம் அதே ஜோடியை விற்பார்கள். ரசிகர்கள் திரைக்கு வெளியிலும் அந்தக் காதல் உண்மையாகவேண்டும் என்று தவம் கிடப்பார்கள். கொடுமை என்னவென்றால், உண்மையாகிவிட்டால் விற்பனை படுத்துவிடும். சேருவார்களா என்ற கேள்விக்குத்தானே டிக்கெட். சேர்ந்து, குடித்தனம் நடத்தி, பதினான்கு வருஷம் ஆன ஒரு ஜோடியை 1982இல் திரைக்குக் கொண்டுவந்தால் அவர்களை வைத்து என்ன செய்வது? மரத்தைச் சுற்றி ஓடவிட முடியாது. சண்டை போடத்தான் விடவேண்டும். கல்யாணமான நட்சத்திர ஜோடிக்கு மிச்சமிருக்கும் ஒரே நேர்மையான வகைமை நகைச்சுவை என்றே எனக்குத் தோன்றுகிறது. வீதியில் பத்துப் பேரைச் சாய்ப்பவன் வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது குரலும் கழன்றுவிடுகிறது. இந்த ஒரே நகைச்சுவைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் கூட்டம் வரும்.

இப்போது அந்த 1982ஆம் ஆண்டுத் தலைப்புக்கு வருவோம். 'மானெட்யெர்' ஆங்கில மேனேஜர்தான், தகாலோக் எழுத்துக்கூட்டலில். தகாலோக் மொழியில் பயனிலை முன்னால் வரும். ஆகவே 'குமாண்டர்தான் மேனேஜர்' என்பது நேர்ப்பொருள். நடுவில் நிற்கும் மூன்று புள்ளிகள் கணவன் எச்சில் விழுங்கும் இடைவெளி. குமாண்டர் யார்? பிலிப்பினோ ஆண்கள் நண்பர்கள் மத்தியில் மனைவியைக் குறிக்கும் செல்லச் சொல் அது. 'இன்னொரு ரவுண்டு போடலாமா?' 'இல்லப்பா, குமாண்டர் காத்துக்கிட்டிருக்கா.' இன்னும் கூர்ந்து பார்த்தால் 'சி' என்ற உருபு. தகாலோக்கில் மனிதர்களின் சொந்தப் பெயருக்கு முன்னால் வரும் உருபு அது. பதவிப்பெயருக்கு 'ஆங்' என்று வரவேண்டும். 'சி குமாண்டெர்' என்றால், குமாண்டர் என்பது அவளுடைய பதவியல்ல, பெயரே அதுதான். ஓர் இடைச்சொல்லில் ஒரு குடும்ப வரலாறு.

மனைவிக்கு அடங்கிய கணவனை அந்த ஊரில் 'ஆண்டர் டி சாயா' என்பார்கள். ஆங்கில 'அண்டரும்' ஸ்பானிய 'சாயா'வும் சேர்ந்த கலப்புச் சொல்; பாவாடைக்கு அடியில் இருப்பவன். நாம் அவனை முந்தானையில் முடிந்துவைக்கிறோம், சில்லறையோடு சேர்த்து. எனக்கு நம்முடையதே மேல் என்று படுகிறது. முந்தானை முடிச்சில் குறைந்தபட்சம் பொருளாதாரம் இருக்கிறது. ஆனால் 'மானெட்யெர்' என்ற சொல்லில் அதுவும் வந்துவிடுகிறது. சம்பளத்தைக் கொண்டுவந்து அப்படியே மனைவியிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கும் சிகரெட்டுக்கும் கைநீட்டி வாங்கிக்கொள்கிற கணவன் பிலிப்பைன்ஸில் பழகிய உருவம்.

தகாலோக்கில் 'அவன்', 'அவள்' என்ற பேதம் கிடையாது, இரண்டுக்கும் 'சியா'. கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிச் சொல் கிடையாது, இருவருமே 'அசாவா'. இந்தச் சமத்துவ மொழியின் மேல் ஸ்பானியத் தேவாலயம் முந்நூறு ஆண்டுகள் உட்கார்ந்தது. அதன் நிழல் சுதந்திர நாட்டின் சட்டத்திலும் விழுந்தது. 1950இல் அமலுக்கு வந்த சிவில் சட்டத்தின் 165ஆம் பிரிவு நேரடியாகச் சொல்கிறது: தம்பதியின் பொதுச்சொத்துக்கு நிர்வாகி கணவனே. இந்தப் படம் வந்த 1982இலும் அதுதான் சட்டம். ஆக, சட்டப்படி மேனேஜர் கணவன். கொட்டகை வாசலில் தொங்கிய பெயர்ப்பலகைப்படி மேனேஜர் குமாண்டர். எது உண்மை என்று பெஞ்சு டிக்கெட் வாங்கியவனுக்குத் தெரியும். 1988இல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டம் நிர்வாகத்தை இருவருக்கும் பொதுவாக்கியது. கூடவே ஒரு வால்: கருத்து வேறுபட்டால் கணவன் சொல்லே நிற்கும், மனைவி வேண்டுமானால் நீதிமன்றத்துக்குப் போகலாம். சட்டம் எழுதியவர்களும் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியவர்கள்தானே என்று நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

குமாண்டர் என்ற சொல்லின் இன்னொரு முகம் இவ்வளவு விளையாட்டானதல்ல. ஜப்பானியரை எதிர்த்த ஹுக்பலஹாப் கெரில்லாக்களின் தளபதிகள் குமாண்டர்கள். பின்னாளில் கம்யூனிஸ்டுகளின் புதிய மக்கள் படையைத் தொடங்கி நடத்திய பெர்னாபே புஸ்கைனோ 'குமாண்டர் டான்டே'. மார்கோஸின் ராணுவம் அவரை 1976இல் பிடித்தது. ஹுக் படையில் ரெமெடியோஸ் கோமெஸ் என்ற பம்பாங்கா பெண் இருந்தார். மேயராக இருந்த அவருடைய தந்தையை ஜப்பானியர்கள் கொன்றார்கள். அவர் காட்டுக்குப் போய் 'குமாண்டர் லிவாய்வாய்' ஆனார். லிவாய்வாய் என்றால் விடியல். உதட்டுச் சாயம் பூசித் தலைவாரிக்கொண்டுதான் அவர் சண்டைக்குப் போவார் என்பது பிரசித்தம். அழகியும் தளபதியும் ஒரே உடம்பில் இருந்த அந்தப் பெண்ணை எந்தப் படக்கம்பெனியும் கற்பனை செய்யவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

1982இல் ராணுவச் சட்டம் காகிதத்தில் ரத்தாகி ஓராண்டுக்குச் சற்று மேல். மலைகளில் நிஜக் குமாண்டர்கள் இருந்தார்கள். தலைநகரில் வேறு மாதிரி ஒரு குமாண்டர். இமெல்டா மார்கோஸ் 1975 முதல் பெருநகர மணிலாவின் ஆளுநர். 1978 முதல் மந்திரியும்கூட. 1982 ஜனவரியில் தன் சர்வதேசத் திரைப்பட விழாவுக்காக மணிலா விரிகுடாக் கரையில் ஒரு திரை மாளிகையை அவசரமாக எழுப்பினார். முந்தைய நவம்பரில் சாரம் சரிந்து தொழிலாளர்கள் செத்துப்போயிருந்தார்கள். விழா குறித்த நாளில் நடந்தது. பிலிப்பினோ ஆதிக்கதையில் மூங்கில் பிளந்து முதல் ஆணும் பெண்ணும் வெளிவருகிறார்கள்: மலாகாஸ், மகாண்டா. வலியவன், அழகி. மார்கோஸ் தம்பதி தங்களை அந்த ஆதித்தம்பதியாகவே ஓவியம் தீட்டச் செய்தார்கள். அவர்களிடம் பிரசார வேலை பார்த்து, பின் தப்பியோடிய பத்திரிகையாளர் பிரிமித்திவோ மிஹாரெஸ் 1976இல் எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயர் வேறு: 'தாம்பத்திய சர்வாதிகாரம்'. அடுத்த ஆண்டே அவர் காணாமல் போனார்.

தாம்பத்தியமே ஆட்சியாகிவிட்ட ஊரில், 'மேனேஜர் என் மனைவிதான்' என்று ஒரு நகைச்சுவைத் தலைப்பு. யாரும் திட்டமிட்டுக் குத்தியது என்று நான் சொல்லவில்லை. கல்யாணச் சாட்சிகளைக் கேலிசெய்யப் போவுக்கு என்ன தேவை? ஆனால் சொற்கள் யாருடைய அனுமதியையும் கேட்பதில்லை. மலாகாஸும் மகாண்டாவும் அரண்மனையில் தங்கச் சட்டத்துக்குள் விறைத்துக்கொண்டு நிற்க, இன்னொரு வலியவனும் இன்னொரு அழகியும் திரையில் வீட்டுக் கணக்குக்குச் சண்டை போட்டார்கள். மக்கள் இரண்டாவது ஜோடியைத்தான் நேசித்தார்கள்.

1992இன் தலைப்பு வேறு குரல். இதில் 'மஹால்' என்ற விளி இருக்கிறது. மஹால் என்றால் அன்பு. அதே சொல்லுக்கு 'விலை அதிகம்' என்றும் பொருள். நம் 'அருமை'யைக் கொஞ்சம் சந்தை வாசனையோடு நினைத்துக்கொள்ளலாம். அன்பே என்று தொடங்கும் கேள்வி எங்கே போய் முடியும் என்பது கேட்கிறவனுக்கு இரண்டாவது சொல்லிலேயே தெரிந்துவிடும். தகாலோக்கில் 'தம்போ' என்று ஒரு நிலை உண்டு. கோபம் அல்ல, பேச்சை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு, மற்றவர் வந்து சமாதானம் செய்யட்டும் என்று காத்திருப்பது. ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். நமக்கு ஊடல் என்ற ஒரு சொல் போதும். நேற்றிரவு எங்கே என்ற கேள்வியின் மேல் மருதத் திணை முழுவதையும் கட்டியவர்கள் நாம். பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவன், சாத்திய கதவு, உள்ளே போய்ப் பேச ஒரு பாணன். போவின் படங்களில் அந்தப் பாணன் வேலையை டென்சியோ பதில்யா போன்ற தோழர்கள் பார்ப்பதை நாம் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வோம்.

இந்தக் கேள்வி அங்கே வெறும் ஊடலாக நின்றுவிடுவதில்லை என்பதுதான் அதன் கசப்பு. வத்திக்கானை விட்டால் உலகில் விவாகரத்துச் சட்டம் இல்லாத ஒரே நாடு பிலிப்பைன்ஸ். அமெரிக்கர் காலத்தில் 1917இல் ஒரு சட்டம் இருந்தது. 1950இன் சிவில் சட்டம் அதை எடுத்துவிட்டது. முஸ்லிம்களுக்கு மட்டும் தனிச்சட்டத்தில் வழி உண்டு. மற்றவர்களுக்கு, அந்தத் திருமணம் செல்லாது என்று வக்கீல் வைத்து நிரூபிப்பதே பெரும்பாலும் கதி. 1930இன் தண்டனைச் சட்டம் இன்னொரு வேலை செய்து வைத்திருக்கிறது. மனைவி ஒரே ஒரு முறை பிறன் ஒருவனோடு கூடினாலும் குற்றம். கணவன் விஷயத்தில் அப்படியல்ல. அவன் இன்னொருத்தியைத் தாம்பத்திய வீட்டிலேயே வைத்திருக்கவேண்டும், அல்லது ஊர் சிரிக்கும்படி நடந்திருக்கவேண்டும், அல்லது வேறிடத்தில் அவளோடு குடித்தனமே நடத்தியிருக்கவேண்டும். ஆக ஒரு ராத்திரி எங்கே தூங்கினான் என்பது சட்டத்துக்குப் பொருட்டல்ல. சட்டம் கேட்காத கேள்வியைத்தான் அந்தத் தலைப்பு கேட்டது. மணத்தை முறிக்க முடியாத நாட்டில் கேள்வி மட்டுமே கையில் இருக்கிறது. அதைச் சிரிப்பாக்கினால்தான் ஆயிரம் பேர் மத்தியில் உரக்கக் கேட்கமுடிகிறது.

2004இல் போ அதிபர் தேர்தலில் நின்றார். பிரசாரக் காலத்தில், திருமணத்துக்கு வெளியே தனக்குப் பிள்ளை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கொட்டகையில் சிரித்தவர்கள் அந்தத் தலைப்பை அப்போது நினைத்துக்கொண்டார்களா? சூசன் ரோசஸ் மேடையில் கணவர் பக்கத்தில்தான் நின்றார். அந்த நிலையைப் பெருந்தன்மை என்று கொண்டாடவோ, அடங்கிப்போனார் என்று தீர்ப்பெழுதவோ எனக்குக் கைவரவில்லை. அவர்கள் வீட்டுக்குள் அந்தக் கேள்வி எந்தக் குரலில் கேட்கப்பட்டதோ, நமக்கு அது கேட்காது. கேட்கவும் வேண்டாம்.

அரசு கணக்குப்படி அப்போதைய அதிபர் குளோரியா மகபகல் அர்ரோயோ சுமார் பதினொரு லட்சம் வாக்குகளில் வென்றார். போ அதே ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி பக்கவாதத்தில் இறந்தார், வயது 65. 2005 ஜூனில், அதிபரும் தேர்தல் ஆணையர் ஒருவரும் வாக்கு எண்ணிக்கை நடந்த நாட்களில் பேசிய தொலைபேசி ஒலிநாடாக்கள் வெளிவந்தன. ஜூன் 27 அன்று அர்ரோயோ தொலைக்காட்சியில் தோன்றித் தவறான முடிவு என்று வருத்தம் தெரிவித்தார். இரண்டு நாள் கழித்து சூசன் ரோசஸ் கிளப் பிலிப்பினோவில் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். 1986இல் மார்கோஸ் ஓடிப்போவதற்குச் சில மணிநேரம் முன்பு, அவரால் வெறும் வீட்டுப் பெண் என்று இகழப்பட்ட கொரசோன் அகினோ என்ற விதவை பதவியேற்றுக்கொண்ட அதே இடம்.

சூசன் பேச வந்தார். அதிபரின் வருத்தத்தை ஏற்க மறுத்தார். நீ அதிபர் பதவியைத் திருடினாய், ஒரு முறையல்ல, இரண்டு முறை என்று அந்த 'நீ'யை நோக்கிச் சொன்னார். பல் கடித்து, தாடை இறுகி, ஒவ்வொரு சொல்லாகத் துண்டித்து வந்த அந்தக் குரலில் பகோலோடின் கொஞ்சல் மருந்துக்கும் இல்லை. ஆண்டுக்கணக்காகத் திரையில் புருஷனைக் கடிந்துகொண்டவர் இப்போது ஒரு நாட்டின் தலைவரைக் கடிந்துகொண்டிருந்தார். கணவரின் படத்தலைப்புகளெல்லாம் சேர்ந்து பயமுறுத்தியதைவிட அந்தச் சில நிமிடங்கள் அதிகம் பயமுறுத்தின. கையில் துப்பாக்கி இல்லை, ஒலிவாங்கிதான். 2006இல் அர்ரோயோ அரசு போவுக்குத் தேசியக் கலைஞர் விருது அறிவித்தபோது குடும்பம் அதை வாங்க மறுத்தது. ஆட்சி மாறி 2012இல்தான் வாங்கிக்கொண்டார்கள்.

போ 1990களில் 'ஆங் புரொபின்சியானோ' என்ற படத்தில் கார்டோ என்ற போலீஸ்காரராக நடித்திருந்தார். 2015இல் அது தொலைக்காட்சித் தொடராயிற்று. கோகோ மார்ட்டின் கார்டோ. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஓடிய தொடர் அது. கார்டோ சுடுவான், குத்துவான், ஓடுவான், நாடே அவனைத் தேடும். வீட்டில் அவனுக்காகப் பாட்டி லோலா புளோரா காத்திருப்பாள். சூசன் ரோசஸ்தான் லோலா புளோரா. தன் கணவர் ஏற்ற பாத்திரத்துக்கே பாட்டியாக, பல ஆண்டுகள். 2022 மே 20 அன்று அவர் இறந்தார். மணிலா வடக்குக் கல்லறையில் கணவர் பக்கத்தில் வைத்தார்கள். கார்டோ இன்னும் மூன்று மாதம்போல அங்கே இங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஆகஸ்டில் தொடரை முடித்துவிட்டார்கள்.